பல்கலைக்கழக வேலைக்கு வெளி நிபுணரை ஒப்பந்தத்தில் அமர்த்துவது: முதல் நோட்டிலிருந்து கடைசி பில் வரை

சுவடிக் கட்டுகளைப் படமெடுக்க ஒரு புகைப்படக்காரர், நூல் ஒன்றைத் தமிழாக்க ஒரு மொழிபெயர்ப்பாளர், நெல் விவசாயிகளிடம் கள ஆய்வு நடத்த ஒருவர், துறைக்கு இணையதளம் கட்ட ஒருவர். தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர், நாகப்பட்டினம், சிதம்பரம் என டெல்டாவின் எந்தப் பல்கலைக்கழகத்தை எடுத்தாலும் இப்படி வெளியாள் தேவைப்படாத துறை கிடையாது. ஆளைத் தெரிந்திருக்கும், வேலையும் அவசரமாக இருக்கும். "நீங்க ஆரம்பிச்சுடுங்க சார், ஆர்டர் பின்னாலேயே வந்துடும்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வேலை முடிந்திருக்கும், பில் மட்டும் நிதிப் பிரிவில் கிடக்கும்.

அப்படி நிற்கும் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் பில்லில் இருக்காது. முதல் நோட்டில் (ஒப்புதல் கேட்டுக் கோப்பில் எழுதும் குறிப்பு), "இன்னாரை இத்தனை மாதத்துக்கு அமர்த்தலாம்" என்று எழுதிய இடத்தில் இருக்கும். என்ன பொருள், எத்தனை, எந்தத் தரத்தில், எந்தத் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்பது அங்கே இல்லாவிட்டால் விலை, வரி, உரிமை, தணிக்கை எல்லாமே பிறகு தள்ளாடும்.

இது ஒப்பந்த வேலைதானா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. தன் கருவி, தன் நேரம், தன் முறை என்று வேலை செய்து, முடித்த பொருளை ஒப்படைத்துக் கட்டணம் வாங்குபவர் ஒப்பந்தக்காரர். காலை 10 மணிக்கு வந்து, உங்கள் கணினியில் உட்கார்ந்து, துறைத் தலைவர் அன்றன்று சொல்வதைச் செய்து, மாதக் கடைசியில் ஒரே தொகை வாங்குபவர் ஊழியர். காகிதத்தில் 'ஆலோசகர்' என்று போட்டுவிட்டதால் அவர் ஆலோசகராகிவிட மாட்டார்.

நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, உண்மை நிலையைப் பார்க்கின்றன. 1956-இல் தரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், சௌராஷ்டிர உப்பளத்தில் பாத்தி எடுத்து உப்பு விளைவித்த 'அகரியா' குடும்பங்கள் ஒப்பந்தக்காரர்களா தொழிலாளர்களா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. வேலை செய்யும் முறையை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று பார்த்து, தொழிலாளர்களே என்று தீர்ப்பானது. (வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கை விளக்க வேண்டியதில்லை.) 2006-இன் உமாதேவி தீர்ப்பு, பின்வாசலால் வந்தவர்களுக்குப் பணி நிரந்தரம் உரிமையாகாது என்றது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் வந்த ஜக்கோ தீர்ப்பில், ஆண்டுக்கணக்கில் நிரந்தரத் தன்மையுள்ள வேலையைச் செய்தவர்களைத் 'தற்காலிகம்' என்ற முத்திரையைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று சொல்லி, அவர்களைப் பணிவரன்முறை செய்ய அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆகவே நோட்டிலோ ஆர்டரிலோ மாதச் சம்பளம், வருகைப் பதிவேடு, விடுப்பு, அலுவலக நேரம், 'துறைத் தலைவர் அவ்வப்போது இடும் பிற பணிகள்' ஆகிய சொற்கள் வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அந்தத் தேவைக்கு விளம்பரம் கொடுத்துத் திட்டப் பணியாளர் எடுப்பதே சரி. 11 மாதம், ஒரு நாள் இடைவெளி, மறுபடி 11 மாதம் என்று ஓட்டுவது யாரையும் ஏமாற்றாது. அந்த ஒரு நாள் இடைவெளியே எதிர்த்தரப்புக்குச் சாட்சியாகும்.

யாரை அமர்த்தக்கூடாது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். சொந்தப் பல்கலைக்கழக ஊழியருக்குக் கொடுப்பது மதிப்பூதியம். அது சம்பளக் கணக்கில் போகும், ஒப்பந்தக் கட்டணமாகாது. வேறு அரசு நிறுவனத்தில் பணியாற்றுபவரானால் அவருடைய அலுவலகத்தின் எழுத்து அனுமதி கோப்பில் இருக்க வேண்டும். முதன்மை ஆய்வாளரின் உறவினர், அவரிடமே முனைவர் பட்டம் செய்யும் மாணவர் ஆகியோரைத் தவிர்ப்பது நல்லது. வேறு ஆளே கிடையாது என்றால் உறவை மறைக்காமல் நோட்டில் எழுதி, தேர்வையும் வேலைச் சரிபார்ப்பையும் இன்னொருவர் கையில் கொடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் வெளியே வரக்கூடிய செய்தி இது.

பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

ஆய்வுத் திட்டமானால் நிதி அனுமதி ஆணையை எடுத்துத் தலைப்புகளை, அதாவது எந்த வகைச் செலவுக்கு எவ்வளவு என்ற பிரிவுகளை, பாருங்கள். மனிதவளம் என்ற தலைப்பு திட்டப் பணியாளர்களுக்கு. அதிலிருந்து ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பும்போது நிதி தந்த நிறுவனம் திருப்பி அனுப்பும். களப்பணி, தொழில்முறைச் சேவை, இதர செலவு ஆகியவற்றில் பொருந்துவது எதுவோ அதில் போடுங்கள். எதுவும் பொருந்தாவிட்டால் தலைப்பு மாற்ற அனுமதி முதலில், வேலை பிறகு.

திட்டம் முடியும் தேதியையும் பாருங்கள். கடைசி மாதத்தில் ஒப்பந்தம் போட்டு, திட்டம் முடிந்த பிறகு பில் வந்தால் அதைச் செலுத்தக் கணக்கே இருக்காது. ஒப்பந்த வேலை திட்ட முடிவுக்குக் குறைந்தது 60 நாள் முன்னால் முடியும்படி வையுங்கள். மார்ச் மாதக் கதையும் இதுதான்: மாதத்தின் இரண்டாம் வாரத்துக்குள் பில் உள்ளே போகாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறுவது கஷ்டம்.

வேலை விவரம் எழுதுவது

முழுக் கோப்பில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பலர் இரண்டு வரியில் முடிக்கிற இடமும் இதுதான்.

சுவடிப் படமெடுப்பை எடுத்துக்கொள்வோம். "துறையில் உள்ள ஓலைச்சுவடிகளை உயர்தரத்தில் மின்னுருவாக்கம் செய்தல்" என்று எழுதினால் சண்டை நிச்சயம். ஏடு என்றால் ஒரு ஓலை. அதற்கு இரண்டு பக்கம். 4,000 ஏடுகள் என்று நீங்கள் எழுத, அவர் ஏட்டுக்கு ஒரு படம் என்று கணக்கிட்டு விலை சொல்லியிருப்பார். பின்பக்கத்துக்கு யார் பணம் கொடுப்பது? எனவே அலகைப் 'பக்கம்' என்று வையுங்கள்: 4,000 ஏடு, 8,000 பக்கம், பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய். எழுத்தில்லாத பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அதை விட்டுவிடுவார்கள். பிறகு ஏட்டு வரிசையைச் சரிபார்க்க வழி இருக்காது.

தரத்தையும் அளந்து எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு '600 டி.பி.ஐ.' (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று போடுவது வழக்கமாகிவிட்டது. 40 செ.மீ. நீள ஏடு ஏறக்குறைய 15.7 அங்குலம். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 6,000 பிக்சல். முழு ஏட்டையும் ஒரே படத்தில் அடக்கினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 380 பிக்சல்தான் கிடைக்கும். 600 வேண்டுமென்று நீங்கள் எழுதினால் அவர் 380-இல் எடுத்து, மென்பொருளில் ஊதிப் பெருக்கிக் கொடுப்பார். கோப்பு பெரிதாகும், எழுத்து தெளியாது. அதற்குப் பதில் "உண்மையான பதிவு அங்குலத்துக்கு 350 பிக்சலுக்குக் குறையக்கூடாது, பெருக்குதல் கூடாது, ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும் வண்ண அட்டையும் தெரிய வேண்டும், மூலக் கோப்பு டிஃப் வடிவில், பார்வைக் கோப்பு ஜேபெக் வடிவில்" என்று எழுதுங்கள். படத்தில் அளவுகோல் இருந்தால் ஒரு செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று எண்ணியே சரிபார்த்துவிடலாம். சுவடியைத் துடைப்பது, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது எல்லாம் ஒப்பந்தக்காரர் வேலை அல்ல என்பதையும் எழுதிவிடுங்கள். ஆர்வக்கோளாறில் தடவிவிட்டால் ஏட்டுக்கு நேர்வதற்கு யாரிடமும் ஈடு கேட்க முடியாது.

மொழிபெயர்ப்பில் தகராறு எண்ணிக்கையில் வரும். பக்கக் கணக்கு வேண்டாம். எழுத்தளவைப் பெரிதாக்கினால் பக்கம் கூடும். சொல் கணக்கென்றால் எந்த மொழிச் சொல்? ஆங்கிலத்தின் 1,000 சொல் தமிழில் வேற்றுமை உருபெல்லாம் ஒட்டி 700, 750 சொல்லாகச் சுருங்கும். கட்டணத்தை மூல நூலின் சொல் எண்ணிக்கைக்கு வைத்தால் இரு தரப்புக்கும் தொகை முன்னாலேயே தெரியும். அடிக்குறிப்பு, நூற்பட்டியல், சொல்லடைவு இதில் சேருமா சேராதா என்றும் எழுதுங்கள். கோப்பு யூனிகோடில் வர வேண்டும் என்ற வரியை மறக்காதீர்கள். இன்றும் பாமினி என்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்றியில் போட்டு எடுத்தால் கிரந்த எழுத்துகளும் குறியீடுகளும் அங்கங்கே குதறிப்போயிருக்கும்.

கள ஆய்வுக்குப் பருவம் முக்கியம். மன்னார்குடி, கோட்டூர், திருத்துறைப்பூண்டி ஒன்றியங்களில் 300 விவசாயக் குடும்பங்களைச் சந்திக்க அக்டோபர், நவம்பரில் கெடு வைத்தால் வேலை நடக்காது. குறுவை அறுவடையும் சம்பா நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். வடகிழக்குப் பருவமழை வேறு. ஜனவரியில் பொங்கலையொட்டிச் சம்பா அறுவடை தொடங்கிவிடும், அப்போது போனால் வயலில்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். பிப்ரவரி பின்பாதி முதல் ஏப்ரல் வரை வையுங்கள். களத்துமேட்டு வேலை ஓய்ந்திருக்கும், ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.

40 நிமிடக் கேள்வித்தாளை ஒருவர் ஒரு நாளில் 6 முதல் 8 வீட்டில் முடிக்கலாம். ஒரே ஆள் 15, 16 என்று கொண்டுவந்தால் டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியதாக இருக்கலாம். அதனால் ஒப்பந்தத்திலேயே, ஒவ்வொரு பேட்டிக்கும் இடக்குறியீடும் தொடக்க, முடிவு நேரமும் பதிவாக வேண்டும் என்றும், மொத்தத்தில் 10 சதவீத வீடுகளைத் துறை தானே தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்கும் என்றும் எழுதுங்கள். 300-க்கு 30 அழைப்பு; ஒரு ஆய்வு மாணவருக்கு இரண்டு நாள் வேலை. அந்த 30-இல் 3-க்கு மேல் பொருந்தாவிட்டால் அந்தக் கள ஆய்வாளர் எடுத்தது முழுவதும் மறுபடி எடுக்கப்பட வேண்டும், கூடுதல் கட்டணம் கிடையாது என்ற வரியும் வேண்டும். சரிபார்ப்பு உண்டு என்று முன்கூட்டியே தெரிந்தாலே பாதிப் பொய் குறைந்துவிடும்.

இணையதளத்துக்கு ஒன்று மட்டும்: இணைய முகவரியின் பெயர்ப்பதிவு, சேவையகக் கணக்கு, மூல நிரல் மூன்றும் முதல் நாளிலிருந்தே பல்கலைக்கழக மின்னஞ்சலில் இருக்க வேண்டும். அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிந்தால், அவர் வெளிநாடு போன பிறகு உங்கள் துறையின் தளம் அனாதையாகும். கல்வி நிறுவனங்களுக்கான 'ஏசி டாட் இன்' முகவரியை, அதைப் பதிந்து தரும் எர்நெட் அமைப்பின் வழியாகப் பல்கலைக்கழகமே வாங்கலாம். மாணவர் விவரங்கள் தளத்தில் ஏறுமானால் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கட்டும். வேலை முடிந்ததும் அவர் கையிலுள்ள நகலை அழித்துச் சான்றளிக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

விலையும் ஆளும்

மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் பொது நிதி விதிகள் 2017 பொருந்தும்; கலந்தாலோசனைச் சேவைக்கென்று அதில் தனிப் பகுதி உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-உம் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும். எத்தனை ரூபாய் வரை நேரடியாகக் கொடுக்கலாம், எதற்கு மேல் கொட்டேஷன், எதற்கு மேல் டெண்டர் என்ற வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும். இரண்டு ஆண்டு முந்திய கோப்பைப் பார்த்து எழுதாதீர்கள். நிதிப் பிரிவில் இப்போது நடப்பிலுள்ள சுற்றறிக்கையை வாங்கி, அதன் எண்ணையும் தேதியையும் நோட்டில் குறிப்பிடுங்கள். மத்திய நிறுவனமானால் அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் அந்தச் சேவை கிடைக்கிறதா என்று பார்த்த விவரமும் நோட்டில் ஏற வேண்டும்.

வரம்புக்குள் அடக்க ஒரே வேலையை மூன்று ஆர்டராக உடைப்பது தணிக்கைக்காரர் முதல் நாளே கண்டுபிடிக்கும் வித்தை. ஒரே ஆள், ஒரே மாதம், ஒரே வகை வேலை, வரம்புக்கு ஐந்நூறு ரூபாய் குறைவாக மூன்று பில். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையினர் இதைவிடச் சிக்கலானதையெல்லாம் பார்த்தவர்கள். ஒருவரே மூன்று லெட்டர்பேடில் தயாரித்த கொட்டேஷன்களும் அப்படித்தான். எழுத்துரு ஒன்று, எழுத்துப்பிழையும் ஒன்று.

உண்மையிலேயே ஒருவரால்தான் முடியும் என்ற வேலைகள் உண்டு. மராத்தியை எழுதப் பயன்பட்ட பழைய 'மோடி' எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் தஞ்சாவூரிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்; மராத்தியர் கால ஆவணங்களுக்கு மூன்று கொட்டேஷன் கேட்டால் எங்கே போவது? அப்போது தனிநியமனம் செய்யலாம். நியாயத்தை மட்டும் முழுமையாக எழுத வேண்டும்: என்ன திறன் தேவை, வேறு யாரை விசாரித்தோம், அவர்கள் ஏன் ஒத்துவரவில்லை, கேட்கும் கட்டணம் எதோடு ஒப்பிட்டு நியாயமானது. "துறையில் அனுபவம் மிக்கவர், அனைவரும் அறிந்தவர்" என்ற வாக்கியம் நியாயம் ஆகாது.

தரம் முக்கியமான வேலையில் குறைந்த விலைக்காரரையே எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. விலை கேட்கும் கடிதத்திலேயே மாதிரி வேலை கேளுங்கள்: மொழிபெயர்ப்புக்கு ஒரே 300 சொல் பகுதி, சுவடிக்கு ஒரே ஏட்டின் இரு பக்கம். பெயரை மறைத்து இருவர் மதிப்பெண் போடட்டும். குறைந்தபட்ச மதிப்பெண்ணை முன்பே அறிவித்து, அதைத் தாண்டியவர்களின் விலையை மட்டும் திறந்து பாருங்கள். விலையைப் பார்த்த பிறகு மதிப்பெண்ணை நிர்ணயிப்பது கோப்பைக் கெடுத்துவிடும்.

ஒப்பந்தம்

துணைவேந்தர் அல்லது பதிவாளர் ஒப்புதல் வந்த பின் ஒர்க் ஆர்டர். அதோடு இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். 20 ரூபாய்ப் பத்திரம் பழைய காலம். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கான முத்திரைக் கட்டணம் 2024-இல் 200 ரூபாயாகிவிட்டது. ஒப்பந்தம் தமிழில் இருப்பதே நல்லது, இருவருக்கும் புரியும். கையெழுத்துத் தேதி வேலை தொடங்கும் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். பழைய தேதி போட்டு எழுதிய ஆர்டரை விட, தாமதமாகத் தொடங்கிய வேலை எவ்வளவோ மேல்.

வேலை விவரத்தை அப்படியே இணைப்பாக வையுங்கள். பணத்தைக் கட்டமாகப் பிரியுங்கள். நல்ல பிரிவு: முதல் 10 சதவீத வேலை சரிபார்ப்புக்குப் பின் 10, பாதியில் 40, முழு ஒப்படைப்பில் 40, திருத்தம் முடிந்தபின் 10. முதல் சிறு கட்டம் அவசியம். 8,000 பக்கமும் எடுத்து முடித்த பிறகு விளக்கொளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடிப்பதை விட, 800-இல் கண்டுபிடிப்பது மலிவு. முன்பணம் கேட்டால், நிதிப் பிரிவு உத்தரவாதம் கேட்கும். தனிநபருக்கு வங்கி உத்தரவாதம் எடுப்பது பெரும்பாடு. முதல் கட்டத்தைச் சிறிதாக்கி விரைவில் பணம் கொடுப்பதுதான் நடைமுறையில் ஒத்துவரும்.

சரிபார்க்க உங்களுக்கும் கெடு வையுங்கள்: ஒப்படைத்த 10 வேலை நாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும். இரண்டு முறை திருத்தம் கட்டணத்துக்குள். மூன்றாவது முதல் தனி. இந்த வரி இல்லாததால் ஒரே அறிக்கைக்கு ஏழெட்டு முறை 'சின்னத் திருத்தம்' கேட்டு நல்ல எடிட்டர்களை விரட்டிவிட்ட துறைகள் உண்டு.

புயல், வெள்ளம் பற்றிய பிரிவை அச்சடித்த படிவத்திலிருந்து ஒட்டாதீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின் பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கானது. "மாவட்ட நிர்வாகம் விடுமுறை அறிவித்த நாட்களும் களத்தில் மின்சாரமோ சாலையோ துண்டிக்கப்பட்ட நாட்களும் கெடுவில் சேராது, 7 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்" என்றால் போதும்.

இனி எல்லோரும் கோட்டைவிடும் இடம்: பதிப்புரிமை. ஊழியர் பணியில் எழுதியது முதலாளிக்கு உரியது என்பதைத்தான் பலர் ஒப்பந்தக்காரருக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, தனி ஒப்பந்தத்தில் மொழிபெயர்த்தவர், எழுதியவர், நிரல் எழுதியவர்தான் பொதுவாக உரிமையாளர். நீங்கள் பணம் கொடுத்துவிட்டதால் உரிமை தானாக வந்துவிடாது. கட்டணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், ஓவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு மட்டும், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை எடுக்கச் சொன்னவருக்கு.

உரிமையை எழுத்தில் மாற்றி வாங்கினாலும் 19-ஆம் பிரிவு சில கண்ணிகளை வைத்திருக்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான். ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், மாறாக எழுதப்படாதவரை, மாற்றம் காலாவதி. பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் நூல் ஓராண்டுக்குள் அச்சேறுவது எவ்வளவு அபூர்வம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்:

"இணைப்பில் கண்ட மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை முழுவதையும் அச்சு, மின்னூல், ஒலிநூல், இணையம் ஆகிய எல்லா வடிவங்களுக்கும், உலகம் முழுமைக்கும், பதிப்புரிமை நிலவும் காலம் முழுமைக்கும், ரூ. ........ கட்டணமாகப் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் வெளியிடப்படாவிட்டாலும் இந்த மாற்றம் செல்லும். நூலில் மொழிபெயர்ப்பாளர் என என் பெயர் இடம்பெற வேண்டும்."

கடைசி வாக்கியத்தைப் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். உரிமையை மாற்றித் தந்தபின்னும், படைத்தவர் தானே என்று கோரும் உரிமை 57-ஆம் பிரிவுப்படி அவரிடமே இருக்கும்.

பில்லும் வரியும்

பில்லோடு வர வேண்டியவை: ஆர்டர் நகல், ஒப்பந்த நகல், ஒப்படைத்த பொருளின் பட்டியல், துறையின் ஏற்புச் சான்று, பான் நகல், கேன்சல் செய்த செக், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் சான்று, இல்லாவிட்டால் 'பதிவு இல்லை, ஆண்டு வருவாய் வரம்புக்குள்' என்ற உறுதிமொழி. சேவைக்கு அந்த வரம்பு தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய். பதிவில்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு ரூபாய் போட்டாலும் பில் திரும்பும். பதிவுள்ளவர் பொதுவாக 18 சதவீதம் போடுவார். ஆனால் தேர்வு நடத்துவது, மாணவர் சேர்க்கை ஆகியவை தொடர்பாகப் பல்கலைக்கழகத்துக்குச் செய்யும் சேவைக்கு விலக்கு உண்டு. விடைத்தாள் வருடுதல் போன்ற பில்லில் 18 சதவீதம் ஏறியிருந்தால் கேள்வி கேளுங்கள்.

வருமான வரிப் பிடித்தத்தில் இரண்டு வகையைக் குழப்பாதீர்கள். பொறியாளர், கட்டடக்கலைஞர், கணக்காயர், வழக்கறிஞர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற தொழில்முறைக் கட்டணத்துக்கு 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஜெ பிரிவில் 10 சதவீதம். தொழில்நுட்பச் சேவை மட்டும் என்றால் 2. ஆண்டுக்கு 30,000 ரூபாயாக இருந்த விலக்கு வரம்பு 2025 ஏப்ரல் முதல் 50,000. தட்டச்சு, அச்சு, விளம்பரப் படம் போன்ற 'வேலை ஒப்பந்தம்' 194சி; தனிநபருக்கு 1 சதவீதம், ஒரே பில் 30,000 அல்லது ஆண்டு மொத்தம் ஒரு லட்சம் தாண்டினால். சந்தேகமானால் 10 சதவீதம் பிடிப்பதே பல்கலைக்கழகத்துக்குப் பாதுகாப்பு. கூடுதலாகப் பிடித்ததை அவர் ரிட்டர்னில் திரும்பப் பெறலாம், குறைவாகப் பிடித்தால் வட்டி உங்கள் தலையில். பான் இல்லாவிட்டால் 20 சதவீதம். வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. இந்தப் பிரிவுகளெல்லாம் அதில் 393-ஆம் பிரிவின் அட்டவணைக்குள் போய்விட்டன. அந்தத் தேதிக்குப் பிந்தைய பிடித்தத்துக்குப் பழைய எண்ணைப் போடாதீர்கள்.

கணக்கு இப்படி வரும். கட்டணம் 1,20,000, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 21,600. பில் தொகை 1,41,600. ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருப்பதால் பிடித்தம் 1,20,000-க்கு மட்டும், 12,000. கையில் போவது 1,29,600. பில் மொத்தத்துக்கும் 10 சதவீதம் பிடித்து 14,160 கழிப்பது பில் செக்ஷனில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்தைத் தாண்டி, அவர் பதிவுள்ளவரானால், அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பல்கலைக்கழகம் ஜி.எஸ்.டி. பிடித்தமாக இன்னொரு 2 சதவீதம் கழிக்க வேண்டும். அது கட்டங்களின் தொகையைப் பார்ப்பதில்லை, ஒப்பந்த மொத்தத்தைப் பார்க்கிறது. நான்கு கட்டமாக 80,000 கொடுத்தாலும் ஒப்பந்தம் 3,20,000 என்பதால் முதல் கட்டத்திலேயே பிடித்தம் தொடங்கும்.

மலேசியாவிலோ இலங்கையிலோ இருக்கும் தமிழறிஞரை அமர்த்தினால் கதை வேறு. வெளிநாட்டவருக்கான பிடித்தத்தில் 50,000 வரம்பெல்லாம் கிடையாது. இரட்டை வரி ஒப்பந்தச் சலுகைக்கு அவர் நாட்டு வரிக் குடியிருப்புச் சான்று வேண்டும். பணம் அனுப்பும் முன் வங்கி கேட்கும் வரிப் படிவங்களுக்குப் பெரும்பாலும் கணக்காயர் சான்றும் வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே நிதி அலுவலரைப் பார்த்துவிடுங்கள்.

அவர் உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்முனைவோரானால், ஏற்ற நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் போக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. 'மேலிடத்தில் கோப்பு இருக்கிறது' என்பது அங்கே பதிலாகாது.

பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; மார்ச் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. பிடித்துவிட்டுக் கட்டத் தாமதித்தால் மாதத்துக்கு 1.5 சதவீத வட்டி, அதை எந்த ஆய்வு நிதியிலும் எழுத முடியாது. காலாண்டு அறிக்கை போனபின், அந்தத் தொகை அவருடைய பான் கணக்கில் வருமான வரித் தளத்தில் தெரிகிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும். திருத்த அறிக்கை அனுப்பினால் சரியாகிவிடும். அவர் ரிட்டர்ன் போடும் முன்பே அனுப்ப வேண்டும்.